இரண்டு டின் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்த இரண்டாம் வருஷம் இது நடந்தது. அப்போது நான் காஜா பேராங்கில், கம்போங் செட்டியில் ஒரு வீட்டின் பின்கட்டு அறையில் தனியாகக் குடியிருந்தேன். வயது நாற்பதைத் தாண்டி ஒன்றோ இரண்டோ ஆகியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. 'அடுத்த வருஷம் பார்ப்போம்' என்று சொல்லிக்கொண்டே இருந்த அப்பா ஒரு வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு பார்ப்பதற்கு ஆள் இல்லை, கேட்பதற்கு எனக்கு வாய் இல்லை. அவ்வளவுதான், வேறு கதை ஒன்றும் கிடையாது.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் மசாலா அரைத்து விற்றுப் பிழைத்தேன். விடியற்காலை அம்மியில் உட்கார்ந்தால் மீன் குழம்புக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று என்று அரைத்து, வாழையிலையில் உருண்டை உருண்டையாக வைத்து பாசாருக்குக் கொண்டுபோவேன். ஜப்பான்காரன் வந்ததும் இந்தியாவிலிருந்து கப்பல் நின்றது. மிளகாய் நின்றது, மல்லி நின்றது. அதன்பின் மரவள்ளிக்கிழங்கைத் துருவி, பிழிந்து, மாவெடுத்து விற்றேன்.

வீட்டுக்கார அம்மாள் மலாக்காச் செட்டி இனத்தவர், பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வியாபாரிகளின் வழி வந்தவர். கும்பிடுவது மாரியம்மனை, உடுத்துவது கைலி மாதிரி சாரோங்கும் மேலே கெபாயாச் சட்டையும், பேசுவது மலாய். தமிழில் கோவில் சம்பந்தப்பட்ட சொற்கள் ஏழெட்டுத் தெரியும். எனக்கு அது ரொம்ப வசதி. அதிகம் பேச வேண்டியதில்லை. நான் நாலு பேர் நடுவில் வாயைத் திறப்பவளே அல்ல.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காலிக் கொட்டகை இருந்தது. அதில் ஓர் இளம்பெண் வந்து ஒண்டினாள். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள், இடுப்பில் பத்து மாதப் பெண் குழந்தை. அவள் புருஷனைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இதற்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளும் ஒரு வயது முடியுமுன்னே தவறிவிட்டன. மூன்றாவதும் வெளுத்துப்போய், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. அவளுக்கோ இரண்டு காலும் வீக்கம். அரிசி இல்லாமல் கிழங்கையே தின்றதில் அப்போது பாதி ஊருக்குக் கால் வீங்கியிருந்தது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும்.

பிள்ளையைப் பார்த்த மருத்துவச்சி, 'ஒரு வயசு ஆகுறதுக்குள்ள தவிட்டுக்கு வித்து வாங்கிடு' என்று சொல்லியிருக்கிறாள். நம் ஜனங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். பிறக்கிற பிள்ளையெல்லாம் தங்காமல் போனால், இருக்கிற பிள்ளையை முறத்தில் வைத்து வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். மறுநாள் அதே அளவு தவிட்டைக் கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். இடையில் எமன் வந்து பார்த்தால், இது அவள் பிள்ளை இல்லை போலிருக்கிறது என்று ஏமாந்து போய்விடுவான் என்று நம்பிக்கை.

அவள் நேரே என்னிடம் வந்தாள். "அக்கா, நீங்கதான் வாங்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னைப் போயி கேக்குறியே. நாலு பெத்தவளா பாத்துக் கேளு தங்கச்சி."

"பெத்தவ வீட்டுக்கெல்லாம் எமனுக்கு வழி தெரியும்க்கா. உங்க வீட்டுக்குத்தான் அவன் புள்ள தேடி வரவே மாட்டான்."

யாரும் என்னிடம் இப்படி மூஞ்சிக்கு நேரே சொன்னதில்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கார அம்மாள் வாத்து வளர்த்தார். வாத்துக்கு வைத்திருந்த தவிட்டில் இரண்டு பால் டின் நிறைய அளந்து வாங்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, முறத்தில் பிள்ளையைப் படுக்க வைத்தாள் அவள். நான் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையைத் தூக்கினேன். மருத்துவச்சி, "யாரு புள்ள இது? சத்தமா சொல்லு," என்றாள். என் பிள்ளை என்று நான் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. வேலியோரம் வேடிக்கை பார்க்க நாலு பேர் நிற்கிறார்கள். கல்யாணம் ஆகாதவள், தமிழில் அந்த இரண்டு வார்த்தையை எப்படிச் சொல்வேன்?

வாசற்படியில் நின்ற வீட்டுக்கார அம்மாள் கேலியாக மலாயில் கேட்டார்: "அனாக் சியாப்பா?" யார் பிள்ளை என்று அதே கேள்விதான்.

"குவா பூஞ்ஞா," என்று பட்டென்று வந்துவிட்டது எனக்கு. என்னுடையது!

மருத்துவச்சி தலையை ஆட்டினாள். "மலாய்ல சொன்னாலும் எமனுக்கு வெளங்கும், போதும். நாளைக்குக் காலையில தவிட்டக் குடுத்துத்தான் மீக்கணும். காசு, அரிசி எதுவும் செல்லாது. ரெண்டு பேரும் ஞாபகம் வச்சுக்குங்க."

மறுநாள் காலை பெற்றவள் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"தவிடு எங்கே?"

தரையைப் பார்த்தாள். "சாப்புட்டுட்டேன்க்கா."

"ரெண்டு டின்னையுமா?"

"வறுத்து, தேங்காப்பூ கொஞ்சம், கருப்பட்டி கொஞ்சம் போட்டேன். மொதல்ல ஒரு வாய்தான் எடுத்தேன்." அப்புறம் மெதுவாக, "நல்லா இருந்துச்சுக்கா," என்றாள்.

அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கால் வீக்கத்துக்குத் தவிடுதான் மருந்து என்று பிற்பாடு ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கார அம்மாளிடம் மறுபடி கேட்டால், இருந்ததெல்லாம் வாத்துக்கே காணாது, அடுத்த மூட்டை செங் என்கிற ஊரிலிருந்து வந்தால்தான் உண்டு என்றுவிட்டார். மருத்துவச்சி சொன்னதை மீற எங்கள் இருவருக்குமே பயம். ஆகவே பிள்ளை என்னிடமே இருந்தது. அவள் வேலியைத் தாண்டி வந்து இருக்கிற பாலைக் கொடுத்துவிட்டுப் போவாள். பத்தாததற்கு நான் ஆட்டுப்பால் வாங்கி ஊற்றினேன். பிள்ளை கொஞ்சம் தேறியது.

மூன்றாம் வாரம் அவள் வந்தாள். பழைய தோட்டத்தில் பெண்களுக்குக் கிழங்கு நடும் வேலை கொடுக்கிறார்களாம். கூலியாக அரிசியே தருகிறார்களாம். "ஒரு மாசந்தான்க்கா. அரிசியும் தவிடுமா கொண்டாந்து பாப்பாவ மீட்டுக்குறேன்." பிள்ளையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனாள்.

ஒரு மாதம் ஆயிற்று, இரண்டாயிற்று. விறகு கொண்டுவரும் வண்டிக்காரர் சேதி சொன்னார். அந்தத் தோட்டத்துக்கு லாரி வந்து, இந்தத் தடவை பெண்களையும் ஏற்றிக்கொண்டு சயாமுக்குப் போய்விட்டதாம். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டேன். அது அவருடைய மாட்டைப் பார்த்துக் கையைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து நான் தாய் மாதிரி ஆனேன். பயந்தேனா என்றால், உண்மையைச் சொல்கிறேன், முதல் ஒரு வாரம்தான் பயந்தேன். மசாலா அரைக்கிறவளுக்குக் கல்லின் சத்தத்திலேயே எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று தெரியும். பிள்ளையின் அழுகையும் அப்படித்தான், பசிக்கு ஒரு சத்தம், தூக்கத்துக்கு ஒரு சத்தம், சும்மா வம்புக்கு ஒரு சத்தம். உத்தரத்தில் சாரோங்கைக் கட்டித் தொட்டில் போட்டேன். காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே கையால் கிழங்கு துருவுவேன். ஒருமுறை காய்ச்சல் வந்து ஐந்து நாள் கிடந்தது. மாத்திரைக்கு எங்கே போவது? வீட்டுக்கார அம்மாள் நிலவேம்பு பறித்துக் கொடுத்தார். காய்ச்சிப் புகட்டினேன். பாதியை என் மேலேயே துப்பியது. மீதிப் பாதியில் பிழைத்தது.

பெரிய சோதனை அரிசி கார்டில்தான் வந்தது. கார்டில் பெயர் இல்லாத வாய்க்கு அரிசி இல்லை. பிள்ளைக்குப் பல் முளைத்துச் சோறு தின்னத் தொடங்கியபின் என் பங்கு இருவருக்கும் போதவில்லை. பெயர் எழுதும் இடத்துக்குப் பிள்ளையோடு போய் வரிசையில் நின்றேன். மேசையில் பேரெழுதும் குமாஸ்தா, நம் ஆள் ஒரு கிராணி. என் கார்டை மேலும் கீழும் பார்த்தார்.

"கல்யாணம் ஆகலன்னு போட்டிருக்கு. புள்ள எங்கேருந்து வந்துச்சு?"

பின்னால் நின்ற ஒருத்தி விடவில்லை. "நல்லாக் கேளுங்க கிராணி! இந்த வயசுல புள்ளையாம். மாப்பிள்ள யாரு, ஜப்பான்காரனா?"

வரிசை முழுவதும் சிரித்தது. வேறொரு நாளாக இருந்தால் நான் கார்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். ஆனால் வீட்டுப் பானையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"மாப்பிள்ளையும் இல்ல ஒண்ணும் இல்ல," என்றேன். "ரெண்டு டின் தவிட்டுக்கு வாங்கினேன். ஒனக்கு வேணும்னா நீயும் ஒண்ணு வாங்கி வளத்துப் பாரு, அப்பறம் சிரி."

இப்போது சிரிப்பு அவள் பக்கம் திரும்பியது. கிராணிக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. "பெத்தவ எங்கம்மா?"

"சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க."

அவர் பேனாவை மையில் தொட்டுக்கொண்டார். "எத்தனை நாளைக்குன்னு எழுத?"

"அவ தவிடு கொண்டாந்து மீக்குற வரைக்கும்."

அவர் என்ன எழுதினாரோ, எனக்கு அந்த எழுத்து தெரியாது. ஆனால் அந்த வாரத்திலிருந்து ஒரு பிள்ளைப் பங்கு அரிசி வந்தது. நாலு பேர் நடுவில் நான் பேசியது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு எனக்கு ஆபீஸ் என்றால் பயமில்லை.

பிள்ளைக்குப் பேச்சு வந்தது. என்னை அம்மா என்றது. 'பெரியம்மா சொல்லு' என்று திருத்தினேன். மறுபடி அம்மா என்றது. திரும்பத் திருத்தினேன். இரண்டு வயது தாண்டியபின் ஒருநாள் திருத்தாமல் விட்டேன். அப்புறம் திருத்தவே இல்லை.

ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். பிள்ளைக்கு மூன்று வயது முடிந்திருந்தது. ஒரு மத்தியானம் முற்றத்தில் நான் மாவு காயவைத்துக்கொண்டிருக்கும்போது வேலிப்படலில் யாரோ நின்றார்கள். கிழிந்த சாரோங், அதற்குமேல் ஓர் ஆம்பளைச் சட்டை, ஒட்டிய கன்னம், கணுக்காலில் புண் ஆறிய கறுப்புத் தழும்பு. பிச்சை கேட்க வந்தவள் என்று நினைத்தேன்.

"அக்கா, நாந்தான்," என்றாள்.

உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே உட்கார்ந்தாள். அவள் புருஷன் இருந்த முகாமை அவள் போய்ச் சேரும் முன்னாலேயே அவர் காலமாகிவிட்டாராம். இவளை வேறு முகாமில் சோறு ஆக்க வைத்தார்களாம். பாதி வழி ரயிலிலும் மீதி வழி நடந்தும் வந்திருக்கிறாள். பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு கண்ணை மட்டும் காட்டியது. அவள் கையை நீட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வளந்துட்டா," என்றாள். பிறகு, "அக்கா, பாப்பாவ…" என்று இழுத்து நிறுத்தினாள்.

நான் கேட்டதை இப்போது எழுதுகிறேன். எழுதக் கை கூசுகிறது.

"தவிடு கொண்டாந்தியா?" என்று கேட்டேன்.

எமனுக்குப் பயந்து கேட்கவில்லை. அதிகம் படிக்காதவளாக இருந்தாலும் இது எனக்குத் தெரியும், பிள்ளையைக் கொடுக்க மனசில்லை. இரண்டு வருஷத்துக்கு மேலாக என் மார்பில் தூங்கியது. 'நீ விற்றாய், நான் வாங்கினேன், மீட்காதவரை என்னுடையது' என்று உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டேன். சாமி காரியமாக இருந்ததை எடுத்துக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டேன்.

அவள் என்னோடு சண்டை போட்டிருந்தால் என் மனசு ஆறியிருக்கும். போடவில்லை. "இல்லக்கா. வர்ற வழியில எங்கயும் கெடைக்கல," என்றாள். ஏதோ கடைக்குப் போகச் சொன்னது போல எழுந்தாள். "கேட்டுப் பாத்து கொண்டாரேன்." காலை இழுத்து இழுத்து நடந்து போனாள்.

வீட்டுக்கார அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்கே போகிறாள் என்று மலாயில் கேட்டார். தவிடு வாங்க என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அவர் சொன்னதைத் தமிழில் எழுதினால் இவ்வளவுதான்: "என் வாத்து தின்னுது தவிடு. ஒரு தாயை நீ அதுக்கா அனுப்புனே?" தானே உள்ளே போய் ஒரு பெரிய டின் நிறைய அள்ளிவந்து என் காலடியில் டங்கென்று வைத்தார்.

நான் தெருவில் ஓடியதே இல்லை. அன்று ஓடினேன். இடுப்பில் பிள்ளை, ஒரு கையில் டின், தவிடு சிந்திக்கொண்டே வருகிறது, பிள்ளை ஏதோ விளையாட்டென்று நினைத்துக் கைகொட்டுகிறது. பெரிய சாலை முனையில், தெரியாத ஒரு வீட்டு வாசலில் அவள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சாரோங் மடியை இழுத்துப் பிடித்து மொத்தத் தவிட்டையும் கொட்டினேன்.

"இந்தா, இப்ப எங்கிட்ட வாங்கிக்க."

"ஒங்க தவிடுக்கா இது."

"எவ தவிடா இருந்தா என்ன? குடுடி எங்கிட்ட."

அழுதுகொண்டே இரண்டு கையாலும் அள்ளி என் டின்னில் போட்டாள். நான் பிள்ளையை நீட்டினேன். பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறியது. அவள் இழுக்கவில்லை. நீட்டிய கையை இறக்கிவிட்டு, "இன்னைக்கு வேணாம்க்கா. பயந்துக்குறா. அவ எங்கிட்ட பழகுற வரைக்கும் நான் ஒங்ககிட்ட இருந்துக்குறேன்," என்றாள்.

அந்தச் சின்ன அறையில் மூன்று பேரும் ஏழு மாதம் இருந்தோம். அவள் கிழங்கு பிழிவாள், நான் துருவுவேன். கேலியும் பண்ணுவாள்: "ஏன்க்கா, அன்னிக்கு எனக்குத் தவிடு கெடைச்சிருந்தா குடுத்திருப்பீங்களா?" "அளவு கொறையுதுன்னு சொல்லியிருப்பேன்," என்பேன். சிரிப்பாள். ஒரு தடவைகூட அதை மனசில் வைத்துப் பேசியதில்லை. எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் கேட்டது ஞாபகம் வந்தது. பிள்ளைக்குத் தலை சீவுவதை, குளிப்பாட்டுவதை ஒவ்வொன்றாக அவள் கையில் விட்டேன். முதலில் சீப்பைக் கொடுக்கவே எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

ஒரு நாள் பிள்ளை கிணற்றடியில் வழுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். கையை நீட்டினேன். அது ஓவென்று அழுதுகொண்டு எழுந்து, என்னைத் தாண்டி ஓடி, அடுப்படியில் இருந்த அவளைப் போய்க் கட்டிக்கொண்டது. என் கை அப்படியே நீட்டியபடி இருந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வேலை ஒழுங்காக முடிந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

அடுத்த மாதம் புக்கிட் பாரு பக்கம் ஒரு வீட்டில் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்தது. தங்க இடமும் கொடுத்தார்கள். இரண்டு பேரையும் நானே கொண்டுபோய் விட்டுவந்தேன். திரும்பி வந்து ஒரு வாரம் உத்தரத்திலிருந்த சாரோங்கை அவிழ்க்க மனசில்லாமல் இருந்தேன்.

அவிழ்க்க வேண்டிய வேலையும் இல்லாமல் போயிற்று. சயாமுக்குப் போன பெற்றோர் திரும்பாத பிள்ளைகள் அங்கங்கே கிடந்தார்கள். உறவுக்காரர்கள் வரும்வரை வைத்துப் பார்த்துக்கொள்ள யார் வருவீர்கள் என்று கோவிலில் ஒரு நாள் பெரியவர்கள் கேட்டார்கள். குடும்பக்காரர்கள் எல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து என் கை மேலே போனது. "தனி ஆளாச்சேம்மா, முடியுமா?" என்றார் ஒருவர். "முடியும். செஞ்சிருக்கேன்," என்றேன்.

அப்படி நாலு பிள்ளைகள் வந்தார்கள். இருவரைச் சித்தப்பா, மாமா என்று வந்தவர்கள் அழைத்துப் போனார்கள். தாமதிக்காமல் துணிமூட்டை கட்டிக் கொடுத்தேன், யாரிடமும் எதையும் கொண்டுவந்தாயா என்று கேட்கவில்லை. மற்ற இருவரைக் கேட்டு யாரும் வரவில்லை. அவர்கள் என்னோடேயே வளர்ந்து, என் வீட்டிலிருந்தே கல்யாணமாகிப் போனார்கள். தவிட்டுக்கு வாங்கியவளுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். பெற்றவள் போன வருஷம் தவறும்வரை, இங்கே வந்தால் மகள் எங்கள் இரண்டு அம்மாக்களுக்கும் நடுவில்தான் உட்கார்ந்து சாப்பிடுவாள்.

வளர்த்தவளுக்குப் பிள்ளை சொந்தமா இல்லையா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் எனக்குத் தெரியாது. ஆனால் அழுகிற பிள்ளை யாரிடம் ஓட வேண்டுமோ அவர்களிடம் ஓடட்டும் என்று வழி விட்டு நிற்க என்னால் முடியும் என்பதை அந்தக் கிணற்றடியில் தெரிந்துகொண்டேன். அந்தத் தெம்பில்தான் இன்றைக்கும் என் காலம் ஓடுகிறது.